பழைய மாருதியின் தரைத் தகடும் முதல் வெல்டிங் மிஷினும்

கேள்வி: என் தந்தை 1998இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினில் குறை இல்லை. ஆனால் ஓட்டுநர் காலடியில் உள்ள விரிப்பைத் தூக்கினால் சாலை தெரிகிறது. கதவுகளுக்குக் கீழே உள்ள பகுதியும் துருவேறி உதிர்கிறது. பட்டறையில் கொடுக்காமல், விடுமுறை நாட்களில் நானே கற்றுக்கொண்டு செய்ய விரும்புகிறேன். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம்தான். கடையில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின், கேஸ் இல்லாமலே ஓடும் மிக் மிஷின், ஆர்கான் மிஷின் என்று மூன்றைக் காட்டுகிறார்கள். எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது? வீட்டு கேட், ஸ்டாண்டு போன்ற சில்லறை வேலைகளுக்கும் அது உதவுமா? — ஒரு வாசகர், தூத்துக்குடி.

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் சிலிண்டர் இணைத்து ஓட்டக்கூடிய, 0.8 மில்லிமீட்டர் கம்பியும் முடிந்தால் 0.6 கம்பியும் போகக்கூடிய, சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மிக் மிஷினை வாங்குங்கள். டார்ச் என்ற கைப்பிடி வழியாகக் கம்பி தானாக வந்து உருகி ஒட்டும் மிஷின் இது. நம் பட்டறைகளில் சிஓ2 மிஷின் என்று சொல்வது இதைத்தான். உங்களுக்குக் காட்டிய கேஸ் இல்லாத மிக் மிஷினின் பின்புறத்தில் கேஸ் குழாய் மாட்டுவதற்கான முனையும் இருந்தால் அதையே பரிசீலிக்கலாம். இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் வேலைக்கு அது ஆகாது. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காரணம் தெரிந்திருந்தால்தான், கடையில் இருப்பில் உள்ள சரக்கை உங்கள் தலையில் கட்ட நினைப்பவரிடம் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

மிஷினைத் தீர்மானிப்பது உங்கள் பட்ஜெட்டும் அல்ல, கம்பெனியின் பெயரும் அல்ல; காரின் தகடுதான். மாருதி 800 போன்ற சிறிய கார்களின் பாடித் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்கும். தகட்டுக் கடையின் கணக்கில் சொன்னால் 22 கேஜ், 20 கேஜ். அதுவும் புதிதாக இருந்தபோது இருந்த கனம். கடற்காற்றில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற வண்டியில், நல்ல தகடு போலத் தெரியும் இடமே பாதியாகத் தேய்ந்திருக்கக்கூடும். இவ்வளவு மெல்லிய இரும்பை ஒட்டுவதற்கு 30 முதல் 50 ஆம்பியர் வரை போதும். அதற்கு மேல் போனால் தகடு உருகி ஓட்டை விழும், ஓட்டையை அடைக்கப் போனால் அது இன்னும் பெரிதாகும். ஆகவே, மிஷினின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 200, 250 என்ற எண்கள் உங்களுக்குப் பயன்படாதவை. எவ்வளவு கீழே இறங்கி, அந்தக் குறைந்த கரண்டிலும் தீப்பொறி விட்டுவிட்டு எரியாமல் நிதானமாக நிற்கிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. விற்பவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் வாங்க வருபவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஆர்க் மிஷினிலிருந்து தொடங்குகிறேன். அது நல்ல மிஷின்தான். விலை குறைவு, கையில் தூக்கிப்போகும் எடை, கேஸ் தேவையில்லை, காற்றடித்தாலும் கவலையில்லை. கேட், ஜன்னல் கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கும் 2.5 மில்லிமீட்டர் ராடு 60 முதல் 90 ஆம்பியர் வரை கேட்கும். தேடிப்பிடித்து 2 மில்லிமீட்டர் ராடு வாங்கினாலும் 40 ஆம்பியருக்குக் கீழே அது தகட்டில் ஒட்டிக்கொள்ளுமே தவிர ஒழுங்காக எரியாது. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிமனில் புதியவர் ஒருவர் சில நாட்களிலேயே ஓரளவு நல்ல வெல்டிங் போட்டுவிடலாம், 1.6 மில்லிமீட்டர் பைப்பில் கொஞ்சம் திணறுவார், காரின் 0.8 மில்லிமீட்டர் தகட்டில் அனுபவசாலியே பல்லைக் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார். ஆர்க்கிலேயே பாடி வேலை பார்க்கும் கைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்தக் கைகளுக்குப் பின்னால் உள்ள ஆண்டுகள் மிஷினோடு சேர்ந்து வருவதில்லை.

கேஸ் இல்லாமல் ஓடும் மிக் மிஷினுக்கு வருவோம். அதில் போடுவது, உள்ளே ரசாயனத் தூள் அடைத்த கம்பி. அந்தத் தூள் எரிந்து உண்டாகும் புகைதான் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காப்பாற்றுகிறது. சிலிண்டர் செலவு இல்லை என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இந்தக் கம்பி சாதாரணக் கம்பியைவிடச் சூடாக எரிகிறது. பொறி அதிகம் தெறிக்கிறது, வெல்டிங்கின் மேல் கசடு படிகிறது, புகையில் உருகும் இடமே சரியாகத் தெரிவதில்லை. 1.2 மில்லிமீட்டருக்கு மேலே அதை வைத்துச் சமாளிக்கலாம். உங்கள் தரைத் தகட்டில் அது ஆர்க் மிஷினுக்கு ஒரு படிதான் மேல். மேலும், இந்தக் கம்பிக்கு டார்ச் நெகட்டிவிலும், கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவிலும் இருக்க வேண்டும். முனைகளை மாற்ற வழியில்லாமல் கேஸ் இல்லாத கம்பிக்கு மட்டும் என்று செய்யப்பட்ட மிஷின்களும் வருகின்றன. அவற்றை வாங்கினால் பின்னாளில் சிலிண்டர் வாங்கியும் பயன் இல்லை.

ஆர்கான் வெல்டிங், அதாவது டிக், மூன்றிலும் அழகானது. மெல்லிய தகட்டில் மிகக் குறைந்த ஆம்பியரில் வேலை செய்யும். ஆனால் ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபில்லர் கம்பி, முடிந்தால் காலில் பெடல் என்று உடம்பு முழுவதும் பழக வேண்டிய வேலை அது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். வேகம் குறைவு என்பதால் சூடு தகட்டில் பரவும். பரவினால் தகடு நெளியும். துருவின் எச்சமோ எண்ணெய்ப் பிசுக்கோ சிறிது இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளாது, பழைய காரில் அவை இல்லாத இடமே இல்லை. அலுமினியத்தை ஒட்டலாமே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதற்கு ஏசி மின்னோட்டம் தரும் மிஷின் வேண்டும், உங்கள் தொகைக்குக் காட்டியது பெரும்பாலும் டிசி மட்டுமே தருவதாக இருக்கும்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் உங்கள் ஊர் டிங்கர் அதைத்தான் பரிந்துரைப்பார்: ஆக்ஸிஜனும் அசிட்டிலீனும் சேர்த்த கேஸ் வெல்டிங். நம் நாட்டின் பழைய பாடி வேலைகளில் பெரும்பகுதி அந்தச் சுடரில் நடந்ததுதான். தகட்டைச் சூடாக்கி, தட்டி, நனைத்த துணியால் குளிரவைத்து நெளிவை எடுக்கும் அந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டிய அசிட்டிலீன் சிலிண்டரைக் குடியிருக்கும் வீட்டில் வைத்துப் பழகுவதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

இனி மிக் மிஷினில் பார்க்க வேண்டியவை. முதலாவது, குறைந்தபட்ச கரண்ட். அட்டையில் 30 ஆம்பியர் அல்லது அதற்குக் கீழே என்று இருக்க வேண்டும். 50இலிருந்து தொடங்கும் மிஷின் உங்களுக்கு வேண்டாம். அடுத்தது, கம்பியின் வேகத்தையும் வோல்டேஜையும் தனித்தனியே திருப்பும் வசதி. ஒரே திருகில் எல்லாம் தானாக அமையும் மிஷின்கள் தொடக்கத்தில் சுலபமாக இருந்தாலும், தேய்ந்த தகட்டுக்கு வோல்டேஜைச் சிறிது மட்டும் குறைக்க நினைக்கும்போது அவை வழிவிட வேண்டும். கம்பியைத் தள்ளும் உருளையில் 0.6, 0.8 என்று இரண்டு பள்ளங்கள் இருந்தால் நல்லது. 0.8 கம்பி எந்த ஊரிலும் கிடைக்கும், 0.6 கம்பியைச் சற்றுத் தேட வேண்டியிருக்கும், ஆனால் அதைப் போட்டு ஒருமுறை தரைத் தகட்டை ஒட்டிப் பார்த்தவர்கள் மீண்டும் 0.8க்கு மனமின்றித்தான் திரும்புவார்கள். ஐந்து கிலோ கம்பிச் சுருள் மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கிலோ சுருள் மட்டும் பிடிக்கும் மிஷினில் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டார்ச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு மிஷின்களில் முதலில் கெடுவது அதுதான். மிஷினோடு நிரந்தரமாக இணைத்த டார்ச் கெட்டால் மிஷினையே கழற்ற வேண்டிவரும். யூரோ கனெக்டர் என்ற பொதுவான முனையில் திருகி மாட்டும் டார்ச்சாக இருந்தால், எந்த வெல்டிங் சாமான் கடையிலும் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 15 ஏகே என்ற மாடலுக்குரிய டிப், நாசில் போன்ற உதிரிகள் எங்கும் புழங்குபவை. அந்த வகை டார்ச்தானா என்று கேளுங்கள். எந்த கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் ஊரிலோ மதுரையிலோ திறந்து பார்த்துச் சரிசெய்யும் சர்வீஸ் ஆள் எந்த மிஷினுக்கு இருக்கிறாரோ, அதுவே உங்களுக்கு நல்ல கம்பெனி.

ஆர்க், மிக், டிக் மூன்றும் ஒன்றாகச் செய்யும் மிஷின்களைப் பலர் ஏளனம் செய்வார்கள். உங்கள் விஷயத்தில் நான் அதை ஆதரிக்கிறேன். மிக் பகுதி மேலே சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால், உடன் வரும் ஆர்க் வசதி கேட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் போதுமானது. ராடு பிடிக்கும் ஹோல்டரை மாட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். டிக் என்று எழுதியிருப்பதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்கான டார்ச்சைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

வீட்டு மின்சாரம் தாங்குமா என்ற கவலை நியாயமானது, ஆனால் விடை ஆறுதலானது. 80 ஆம்பியரில் மிக் வெல்டிங் செய்யும்போது வோல்டேஜ் சுமார் 18. இழப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 230 வோல்ட் லைனிலிருந்து மிஷின் இழுப்பது ஏறத்தாழ 10 முதல் 11 ஆம்பியர் வரைதான். காரின் தகட்டுக்கு அதில் பாதி போதும். ஏர் கண்டிஷனருக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் இதைத் தாராளமாகத் தாங்கும். அதே மிஷினை ஆர்க்கில் 200 ஆம்பியருக்குத் திருப்பினால் 40 ஆம்பியர் அளவுக்கு இழுத்து எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சை விழவைக்கும். அந்த எண் உங்களுக்கு வெறும் அலங்காரம்தான் என்பதற்கு இது இன்னொரு காரணம். எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் செய்து, சுருளை முழுவதும் பிரித்துப் போட்டே பயன்படுத்துங்கள். சுருட்டியபடி ஓட்டினால் உள்ளுக்குள் சூடேறி இன்சுலேஷன் உருகும். வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை சோதித்துக்கொண்ட பிறகே மிஷினைச் செருகுங்கள்.

அட்டையில் 60 சதவீதம், 40 சதவீதம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்பதே அது: 60 என்றால் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. காரின் தகட்டில் நீங்கள் ஒவ்வொரு முறையும் எரிக்கப்போவது ஒரு விநாடிதான். எனவே இந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கேஸைப் பொறுத்தவரை இரண்டு வழிகள். ஆர்கான் 80 பங்கும் கார்பன் டை ஆக்ஸைடு 20 பங்கும் கலந்த கேஸ் மெல்லிய தகட்டுக்குச் சிறந்தது. பொறி குறைவு, சூடும் மிதம். வெறும் கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது சிஓ2, மலிவு. சற்று ஆழமாக உருக்கும், பொறியும் கூடுதலாகத் தெறிக்கும். கலவை கேஸ் சிறிய சிலிண்டரில் உங்கள் ஊரில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சிஓ2 போதும், இந்தியப் பட்டறைகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. சோடா கம்பெனிகளுக்கு கேஸ் கொடுக்கும் ஏஜென்சியில் விசாரித்தால் சிறிய சிலிண்டரும் நிரப்பும் வசதியும் கிடைக்க வாய்ப்புண்டு. சிலிண்டரின் கழுத்தில் சோதனைத் தேதி குத்தப்பட்டிருக்கும், அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பழைய தீயணைப்பு சிலிண்டரை மாற்றிப் பயன்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதன் உள்ளே அடிவரை போகும் குழாய் இருப்பதால் கேஸுக்குப் பதிலாகத் திரவமாகவே ரெகுலேட்டருக்கு வந்து அதைக் கெடுத்துவிடும்.

சிஓ2 சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை அழுத்தமானி காட்டாது. திரவம் தீரும்வரை முள் ஏறத்தாழ அதே இடத்தில் நின்று, பிறகு திடீரென விழும். எடை போட்டுத்தான் அறிய வேண்டும். ஒரு கிலோ திரவம் 500 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட கேஸாக மாறுகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால் ஒரு கிலோவில் சுமார் ஐம்பது நிமிடம் எரிக்கலாம். விநாடி விநாடியாகப் புள்ளி வைக்கும் வேலைக்கு ஐந்து கிலோ சிலிண்டர் பல வாரங்கள் வரும். உங்கள் ஊரில் ஆடிக் காற்று எப்படி வீசும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காற்றில் கேஸ் போர்வை கலைந்து, வெல்டிங்கில் பொடிப்பொடியாகத் துளைகள் விழும். தார்ப்பாய் கட்டி மறைப்பதும், வேலை செய்யும் இடத்தை நோக்கி ஃபேனைத் திருப்பாமல் இருப்பதும் அவசியம். அதற்காக எல்லாப் பக்கமும் அடைத்த அறையிலோ பள்ளத்திலோ வேலை செய்யாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். அதே கடற்காற்று கம்பிச் சுருளையும் விடாது. வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். துருப்பிடித்த கம்பி குழாய்க்குள் சிக்கிச் சிக்கி வந்தால், நீங்கள் மிஷினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் 30,000 ரூபாயில் மிஷினுக்குப் பாதிக்குச் சற்று மேல் போனால் போதும். மீதியை இதர சாமான்களுக்கு நிறுத்தி வையுங்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், நான்கு அங்குல கிரைண்டர், ஃப்ளாப் டிஸ்க், தகட்டைப் பிடிக்கும் கிளாம்புகள், தோல் கையுறை ஆகியவை இல்லாமல் மிஷின் மட்டும் இருந்து பயனில்லை. முகக்கவசத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். தீப்பொறி எழும்போது தானாகக் கறுக்கும் கண்ணாடி உள்ள கவசத்தை, 9 முதல் 13 வரை அடர்த்தியை மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் பிடிக்கும் பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு, காருக்கு அடியில், எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்று தெரியாமல் புதியவர் வேலை செய்ய முடியாது. அந்த வெளிச்சத்தை நேரே பார்த்துவிட்டால் பல மணி நேரம் கழித்துத்தான் கண் உறுத்தத் தொடங்கும். உருளைக்கிழங்கை அறுத்து வைக்கும் வைத்தியத்தை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். உடை பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

மிஷின் வந்த அன்றே காரைத் தொடாதீர்கள். ஒட்டுத் தகட்டுக்காக எப்படியும் 20 கேஜ் தகடு வாங்கப்போகிறீர்கள். ஜிஐ தகடு வேண்டாம், பூச்சில்லாத சிஆர் தகடு என்று கேட்டு வாங்குங்கள். ஜிஐயின் துத்தநாகப் பூச்சு எரியும் புகை, காய்ச்சலும் குளிர் நடுக்கமும் தரும். அதிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டுகளை வெட்டி, இரண்டை ஓரத்தோடு ஓரம் மெல்லிய இடைவெளி விட்டு வைத்து, டார்ச்சை ஒரு விநாடி அழுத்தி விடுங்கள். ஒரு புள்ளி விழும். அதன் செந்நிறம் மறைந்ததும் தள்ளி வேறோர் இடத்தில் அடுத்த புள்ளி. பிறகு துண்டைத் திருப்பிப் பாருங்கள்: பின்புறத்தில் சிறிய மேடு தெரிந்தால் இரும்பு உள்ளே இறங்கியிருக்கிறது, நீலக்கறை மட்டும் தெரிந்தால் மேலோட்டமாக ஒட்டியிருக்கிறது, வளைத்தால் பிய்ந்துவிடும், ஓட்டை தெரிந்தால் வோல்டேஜையோ கம்பியின் வேகத்தையோ சற்றுக் குறைக்க வேண்டும். காதையும் பயன்படுத்துங்கள். அளவு சரியாக அமைந்தால் தாளிப்புக் கரண்டியில் கடுகு பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வரும். படபடவென்று கம்பி தகட்டை முட்டித் தள்ளினால் வேகம் கூடுதல், நுனியில் குண்டாக உருண்டு சொட்டினால் வேகம் குறைவு. புள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துத்தான் காரில் கோடு போட வேண்டும். ஒரே இழுப்பில் நீளமாகப் போட்டால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும் என்று டிங்கர்கள் எச்சரிப்பது உண்மைதான்.

இந்தப் பழக்கத்தை யாரிடமாவது நேரில் பார்த்துக் கற்பது நேரத்தை மிச்சப்படுத்தும். அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொழிற்சாலைகளுக்கானது. உங்கள் தேவைக்கு இரண்டும் அதிகம். பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சில மாலை நேரங்களுக்கு நியாயமான கூலி கொடுத்து நிற்க முடிந்தால் அதுவே போதும்.

காருக்கு வரும்போது, துருவின் எல்லையைக் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். கூரிய ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டையிலிருந்து வெளிநோக்கிக் குத்திக்கொண்டே போங்கள். குத்துக்கு அசையாத, சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும் தகடு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். ஓட்டை ரூபாய் அளவுதான் தெரியும். வெட்டி முடிக்கும்போது தாம்பாள அளவு ஆகியிருக்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஓரங்களைப் பெயிண்டும் தாரும் இல்லாமல் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். ஒட்டுத் தகடு மேல் படியும் இடங்களில் 6 மில்லிமீட்டர் துளைகளை 25 முதல் 30 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டு, அந்தத் துளைகளை வெல்டிங்கால் நிரப்பினால், கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங்குக்கு இணையான பிடிப்பு கிடைக்கும்.

சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துவிட்டு வெல்டிங் செய்யாதீர்கள். குளோரின் கலந்த கிளீனர்கள் ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடியவை, உயிரையே பறிக்கும். கிரைண்டரும் கம்பித் தூரிகையும் போதும்.

உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயும் பிரேக் குழாயும் தரைக்கு அடியில் ஓடுகின்றன. வேலை செய்யும் இடத்தின் அடிப்புறத்தை முதலில் பாருங்கள். குழாய் அருகில் இருந்தால் கழற்றியே ஆக வேண்டும், ஈரத்துணி சுற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். டேங்க்கையோ, காலியான டேங்க்கையோ எந்தக் காரணத்துக்காகவும் வெல்டிங் செய்யாதீர்கள். நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ளே கார்பெட், சீட், தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட், கதவோரமாகப் போகும் வயரிங் அனைத்தையும் விலக்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில், தேய்த்த இரும்பில் மாட்டுங்கள். தொலைவில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவோ பிரேக் கேபிள் வழியாகவோ சுற்றிப் போகும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது வண்டியைவிட்டுப் போகாதீர்கள்.

எவற்றை நீங்களே செய்யலாம் என்பதிலும் ஓர் எல்லை வேண்டும். மாருதி 800க்கு ஜீப்பைப் போலத் தனிச் சேசிஸ் இல்லை. பாடியே வண்டியைத் தாங்குகிறது. காலடித் தகட்டில் ஒட்டுப் போடுவது புதியவர் செய்யக்கூடிய வேலை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி அப்படியல்ல. வெளித்தகடு மட்டும் போயிருந்தால், கதவை மாட்டிய நிலையிலேயே, சிறிது சிறிதாக வெட்டி மாற்றலாம். முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்து, அதன் பிறகு கதவு மூடாது. உள்தகடும் போயிருந்தாலோ, முன்சக்கர ஸ்ட்ரட்டின் மேல்முனை மாட்டும் இடம், பின்சக்கர ஆர்ம் மாட்டும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகியவற்றில் துரு இருந்தாலோ, நல்ல பாடி பட்டறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அந்த நிலையில் இருக்கும் வண்டியை ஆர்.சி. புதுப்பிக்க எடுத்துப்போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது. கையில் மிஷின் இருக்கிறது என்பதற்காக நண்பர்களின் புதிய கார்களிலும் கை வைக்காதீர்கள். அவற்றின் தூண்களில் உள்ள உயர்வலிமை இரும்பு வெல்டிங் சூட்டில் தன் வலுவை இழந்துவிடும், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

வெல்டிங் முடிந்த இடத்தில் பழைய பூச்சு இருபுறமும் எரிந்துபோயிருக்கும். மேற்புறத்தைத் தேய்த்து எப்பாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீம் சீலன்ட், அடிப்புறத்தில் அண்டர்பாடி கோட்டிங், பெட்டிப் பகுதிக்குள் மெழுகு ஸ்பிரே என்ற வரிசையில் அடைத்துவிடுங்கள். தண்ணீர் வடிய கம்பெனி வைத்த துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். துரு அடிக்கடி அந்தத் துளைகள் அடைபட்ட இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கடைக்குப் போகும்போது, 22 கேஜ் சிஆர் தகட்டுத் துண்டுகள் நான்கைந்தைக் கையில் கொண்டு போங்கள். நீங்கள் விரும்பும் மிஷினில் கேஸை இணைத்து, ஆகக் குறைந்த கரண்டில் இரண்டு துண்டுகளைப் புள்ளி வைத்து ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் தடித்த ஆங்கிளில் அழகான கோடு ஒன்றைப் போட்டுக் காட்ட முன்வருவார். அது எந்த மிஷினிலும் வரும். உங்கள் தகட்டில் ஓட்டை விழாமல், பின்புறம் மேடு எழும்பும்படி ஒட்டிக் காட்டினால் பில் போடச் சொல்லுங்கள்; மெல்லிய தகட்டில் செய்து காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.